புதுப்பிப்பு: கடைசியில் செடான்தான் எடுத்தேன்

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: அப்பாவுக்கு மூட்டுவலி, மாதம் இருமுறை சென்னை–திருச்சி ஓட்டம், எந்தக் கார் வாங்கலாம், ஹோண்டா சிட்டியா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸா (இரண்டும் செடான், அதாவது தாழ்வான, பின்னால் தனி டிக்கி உள்ள கார்), பேசாமல் உயரமான எஸ்யூவியா என்று. பாதிப் பேர் எஸ்யூவி என்றீர்கள். நான் கேட்கவில்லை. ஹோண்டா சிட்டி மேனுவல் (கியரைக் கையால் மாற்றுவது) வந்து 4,000 கி.மீ. ஆயிற்று.

விர்டஸ் 1.0 டர்போக்காரர்கள் சொன்னது நிஜம்தான். அதில் 178 என்எம் டார்க் (இஞ்சினின் இழுவை) 1,750 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) கிடைத்துவிடும். சிட்டியில் 145 என்எம்முக்கே 4,300 வரை மிதிக்க வேண்டும். விக்கிரவாண்டி தாண்டி லாரியை முந்த, நான்காவது கியருக்கு இறங்கினால்தான் வேலை நடக்கிறது. எனக்கு அதில் சலிப்பே இல்லை. இஞ்சின் சத்தம் மேலே ஏறுவதைக் கேட்கத்தானே மேனுவல் எடுத்தேன்! வளைவில் வண்டி சாயாமல் ரோட்டோடு ஒட்டிப் போகும் சுகம் தனி.

தரை இடைவெளி 165 மி.மீ. ஐந்து பேர் ஏறினால் எங்கள் தெரு வேகத்தடையில் ‘கர்ர்ர்’. குறுக்காக ஏற்றச் சொன்னவருக்கு நன்றி, இப்போது அப்படித்தான்.

சரி, அப்பா விஷயம். ஏறுவதில் சிக்கல் இல்லை. முதலில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் காலை உள்ளே திருப்பிக்கொள்கிறார். இறங்கும்போதுதான் கதவைப் பிடித்தபடி “அப்பாடா” என்று ஒரு முனகல். சீட்டில் கெட்டியான தலையணை போட்ட பிறகு கொஞ்சம் பரவாயில்லை. எஸ்யூவி ஆட்கள் இதில் மட்டும் ஜெயித்தீர்கள்.

டிக்கி 506 லிட்டர். ஊரிலிருந்து அம்மா ஏற்றிவிடும் அரிசி மூட்டை, தேங்காய் எல்லாம் போயும் இடம் மிச்சம்.