மகளுக்கு வீடியோவழி மனநலச் சிகிச்சை: வீட்டில் தனி அறை இல்லை, என்ன செய்யலாம்?

கேள்வி – லேடிஸ்மித் அம்மா

வணக்கம். கணவரின் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்கா வந்து லேடிஸ்மித்தில் குடியிருக்கிறோம். மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ஜனவரியில் பள்ளி திறந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டாள். வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாள் என்றால் முந்தைய இரவே வயிற்றுவலி வந்துவிடுகிறது. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே திரும்பி வருகிறது. தான் மெல்லுவதைக்கூட எல்லோரும் பார்க்கிறார்கள் என்கிறாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, உடம்பில் கோளாறு இல்லை, சமூகப் பதற்றம் போலத் தெரிகிறது, உளவியலாளரிடம் காட்டுங்கள் என்றார்.

இங்கே பிள்ளைகளைப் பார்ப்பவர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வாராவாரம் டர்பன் போய்வரவும் முடியாது. அங்குள்ள ஓர் உளவியலாளர் வீடியோவில் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். மகளும் சரி என்கிறாள். சிக்கல் வீட்டில்தான். இரண்டே படுக்கையறை, அவள் பாட்டியோடு, அதாவது என் அத்தையோடு, படுக்கிறாள். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாதே, இருந்தால் என்ன என்கிறார் கணவர். "பேச்சு புரியாது, அழுதால் புரியும்" என்கிறாள் மகள். அத்தையோ, கண்ணேறுதான், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டால் சரியாகும் என்கிறார். திரைவழிப் பேச்சில் உண்மையிலேயே குணம் கிடைக்குமா? பக்கத்தில் நான் உட்காரலாமா?

பதில் – மாரிட்ஸ்பர்க் ஆலோசகர்

வணக்கம் சகோதரி. பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் நான். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: உட்காராதீர்கள். முதல் அமர்வின் தொடக்கத்தில் உளவியலாளர் உங்களிடமும் பேசுவார். அதன்பின் அந்த நேரம் முழுக்க அவளுடையது. இந்நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, 12 வயதைத் தாண்டி, புரிந்துகொள்ளும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தன் மருத்துவச் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். உங்களை ஒதுக்குவதற்காகச் சொல்லவில்லை. அவள் சொல்வது எதுவரை இரகசியம், உயிருக்கு ஆபத்தென்றால் உங்களிடம் எப்போது சொல்வார்கள் என்பதை மூவருமாகத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திரைவழியில் குணம் கிடைக்குமா என்றால், இந்தப் பதற்றத்துக்கு நம்பிக்கையோடு முயலலாம். பிரிட்டனில் எலினார் லீ, டேவிட் கிளார்க் ஆகியோரின் குழு பதின்வயதினரின் சமூகப் பதற்றத்துக்கென்றே இணையவழிச் சிகிச்சை ஒன்றை உருவாக்கிச் சோதித்து, நல்ல பலன் கண்டிருக்கிறது. பிள்ளையைத் தனியே செயலியிடம் விட்டுவிடும் ஏற்பாடு அல்ல அது. சிகிச்சையாளர் கூடவே வருவார். பொதுவாகவே, ஆள் துணையுள்ள இணையச் சிகிச்சையைப் பிள்ளைகள் பாதியில் விடுவது குறைவு.

இந்தப் பதற்றத்தில் கவனம் எந்நேரமும் தன்மேலேயே திரும்பியிருக்கும். என் குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா என்று பிள்ளை தன்னையே காவல் காக்கும். வீடியோ அழைப்பில் திரையின் மூலையில் தன் முகமே தெரிந்துகொண்டிருந்தால் இது இன்னும் கூடும். ஆகவே தன் படத்தை மறைத்துவிடும் வசதியை முதல் நாளே அவளுக்குக் காட்டிக் கொடுங்கள். பின்னொரு கட்டத்தில், அவள் பேசுவதைப் பதிவுசெய்து சிகிச்சையாளரே போட்டுக் காட்டக்கூடும். மனத்தில் நினைத்த உருவம் ஒன்று, திரையில் தெரியும் பிள்ளை வேறு என்று அவளே காணும் அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பிறகு வீட்டுப்பாடம் உண்டு: கடையில் ஒரு கேள்வி கேட்பது, வகுப்பில் ஒருமுறை கை தூக்குவது. அந்த வாரங்களில் அவளுக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள்.

எவரிடம் போனாலும் சுகாதாரத் தொழில் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.யின் பதிவேட்டை இணையத்தில் பாருங்கள். உளவியலாளரின் பதிவெண் பி.எஸ். என்று தொடங்கும். அமர்வின்போது அவள் எந்த முகவரியில் இருக்கிறாள், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒழுங்கான சிகிச்சையாளர் கேட்டு வைத்துக்கொள்வார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாப்பாட்டை அடியோடு நிறுத்துவது போல் ஏதேனும் தெரிந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் உடனே டாக்டரிடம் நேரில் கொண்டுபோங்கள். மனநல உதவி அமைப்பான சாடாக்கின் (SADAG) தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, பிள்ளைகளுக்கான உதவி எண்ணான சைல்ட்லைன் 116. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

பதில் – நியூகாசில் பையன்

ஆன்ட்டி, மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும்போது எனக்கும் இப்படித்தான் நடந்தது. வீட்டில் நாங்கள் ஆறு பேர். அப்பாவின் பக்கியை (பின்னால் சரக்குத் தட்டுள்ள சிறு வண்டி) கொல்லையில் நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்து பேசினேன். ஸ்டீயரிங்கில் இரண்டு ரப்பர் பேண்டு மாட்டி போனைச் செருகிவிடுவேன். கண்ணாடியை ஏற்றினால் வேர்க்கும், இறக்கினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் நேரத்தைக் காலை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டோம். வீட்டில் வை-ஃபை எட்டாத இடமென்றால் டேட்டா போட்டு வையுங்கள். முக்கியமாக, வண்டியை விட்டு இறங்கியதும் "என்ன பேசினாய்?" என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. தோசை ஊற்றி வைத்திருப்பார். அதனால்தான் நானாகவே பிறகு சொல்லத் தொடங்கினேன்.

பதில் – சாட்ஸ்வொர்த் அக்கா

தங்கச்சி, உன் மாமியாரிடம் மறைக்காதே. மறைத்தால் கதவருகில்தான் நிற்பார். பேத்திக்குப் பயம் அதிகமாகிவிட்டது, அதற்கு ஒரு டாக்டரம்மா பேச்சிலேயே வைத்தியம் செய்கிறார் என்று சொல். வேண்டுதலையும் தடுக்காதே, அவர் கும்பிடட்டும், இதுவும் நடக்கட்டும். அந்த நேரத்தில் ஊரிலிருக்கும் அவர் தங்கைக்கு உன் போனில் அழைப்புப் போட்டுக் கொடுத்து, கூடத்தில் உட்கார வை. டிவியும் ஓடட்டும், அறைக்குள் பேசுவது வெளியே கேட்காது.

லேடிஸ்மித் அம்மா

எல்லோருக்கும் நன்றி. பி.எஸ். எண்ணைப் பார்த்துவிட்டேன், பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. காரா, அறையா என்று மகளிடமே கேட்டேன். அறைதான் வேண்டுமாம், ஆனால் உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்கிறாள். கணவர் சனிக்கிழமை வாங்கி வருகிறார். முதல் அமர்வு செவ்வாய் மாலை நான்கு மணிக்கு. ஆலோசகர் அம்மா, இன்னும் ஒன்று: வகுப்பில் கட்டாயமாக எழுந்து பேச வைப்பதைச் சில வாரங்களுக்குத் தள்ளிவைக்கும்படி பள்ளியில் கேட்கலாமா, அல்லது அதையும் உளவியலாளர் வழியாகத்தான் கேட்க வேண்டுமா?

மாரிட்ஸ்பர்க் ஆலோசகர்

முதலில் மகளிடம் கேளுங்கள். சரி என்றால் உளவியலாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். ஒரேயடியாக விலக்குக் கேட்காதீர்கள். முதலில் ஆசிரியர் முன் மட்டும், பிறகு நாலு பேர் முன், பிறகு வகுப்பு முன் என்று படிப்படியாகக் கேளுங்கள்.