மறு: 'பென்டிங் சார்ஜ்' நிலைக்குத் தமிழ்ச்சொல்: 'மின்னேறவில்லை' என்பதை மாற்றலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

தலைகுந்தா அக்கா எழுதியதை மறுபடி ஒட்டுகிறேன். இழையைப் பாதியிலிருந்து படிக்க வருபவர்களுக்கு விவாதம் எதற்கு என்று புரிய இது போதும். லினக்ஸ் மேசைத்தளத்தைத் தமிழாக்கும் நாம், சார்ஜர் செருகியிருந்தும் பேட்டரிக்கு ஏற்றாமல் இயந்திரம் காத்திருக்கும் 'பென்டிங் சார்ஜ்' நிலைக்கு இப்போது 'மின்னேறவில்லை' என்று காட்டுகிறோம்; அதை மாற்றலாமா என்பதே கேள்வி.

> எமரால்டு பக்கம் வேலை முடிந்து மடிக்கணினியை ராத்திரி ஜீப்பிலேயே விட்டுவிட்டோம். காலையில் ஜீப் கண்ணாடி முழுக்க உறைபனி. ஆபீஸுக்கு வந்து சார்ஜர் போட்டால் 'மின்னேறவில்லை' என்று வந்தது. கடையில் காட்டினேன், சார்ஜர் போயிருக்கும் என்றார்கள். புதுசு வாங்கினேன். மத்தியானத்துக்கு மேல் பழைய சார்ஜரிலும் நன்றாகவே ஏறியது. அப்படியானால் எதில் கோளாறு?

அக்கா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சார்ஜரிலும் கோளாறு இல்லை, பேட்டரியிலும் இல்லை. லித்தியம் அயனி பேட்டரி 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்து கிடக்கும்போது அதில் மின்சாரம் ஏற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம், பேட்டரியின் ஒரு முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். கொள்ளளவு போகும், நாளடைவில் உள்ளேயே ஷார்ட் ஆகவும் வழி உண்டு. அதனால்தான் பேட்டரியோடு சேர்ந்து இருக்கும் பாதுகாப்புச் சுற்று வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. போதுமான அளவு சூடாகும்வரை மின்சாரத்தை உள்ளே விடாது. அவலாஞ்சி, எமரால்டு, தலைகுந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில் வெளியே விட்ட எந்த மடிக்கணினிக்கும் இது நடக்கலாம். உங்கள் இயந்திரம் செய்ய வேண்டியதைத்தான் செய்தது. திரையில் வந்த சொல்தான் உங்களைக் கடைக்கு அனுப்பிவிட்டது.

அந்தச் சொல்லைப் பற்றிப் பேசுமுன், அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். மேசைத்தளத்தின் மூலையில் தெரியும் சின்னப் பேட்டரிப் படம் பல கை மாறி வந்த செய்தி. மடிக்கணினியின் தாய்ப்பலகையில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு பேட்டரியைக் கேட்கிறது. வன்பொருளோடு பேசுவதற்கான ஏசிபிஐ என்ற பொது ஏற்பாட்டின் வழியாக லினக்ஸ் கர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, அந்தச் சில்லைக் கேட்கிறது. கர்னலிடமிருந்து, மின்சார விவரங்களைத் திரட்டித் தரும் யூபவர் என்ற பின்னணிச் சேவை வாங்குகிறது. அதனிடமிருந்து வாங்கி க்னோமோ கேடியீயோ, அதாவது நாம் பார்க்கும் மேசைத்தளம், படம் வரைகிறது. பேட்டரியின் நிலையாகக் கர்னல் ஒரு கோப்பில் சொல்வது ஐந்தில் ஒன்று: ஏறுகிறது, இறங்குகிறது, ஏறவில்லை, நிரம்பியது, தெரியவில்லை. யூபவரில் அது 0 முதல் 6 வரை எண்ணிட்ட ஏழு நிலையாகிறது. நாம் பேசும் 'பென்டிங் சார்ஜ்' அதில் எண் 5.

சார்ஜர் இதிலெல்லாம் வராது. கர்னலுக்கு அது தனிச் சாதனம். அதற்கென்று 'ஆன்லைன்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. செருகியிருந்தால் 1, இல்லையென்றால் 0. சார்ஜர் செருகியிருக்கிறதா, பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, பேட்டரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். 'மின்னேறவில்லை' என்ற சொல் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிற்கிறது. படிப்பவரோ முதல் கேள்விக்கும் சேர்த்துப் பதில் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார். நம் ஊரில் 'சார்ஜ் ஏறல' என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் உடனே வயரை ஆட்டிப் பார்ப்பார், பிளக்கை மாற்றுவார், கடைசியில் கடைக்குப் போவார். அந்தப் பேச்சுக்கு அதுதான் பொருள். கோளாறைச் சொல்லும் சொல்லைக் கோளாறே இல்லாத நிலைக்கு வைத்தால் யாரைக் குறை சொல்வது?

இது பனிக்காலத்தில் மட்டும் வரும் விஷயமும் இல்லை. பேட்டரியின் ஆயுளைக் காக்க 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி கேடியீயின் ப்ளாஸ்மாவில் 5.20 பதிப்பிலிருந்து இருக்கிறது, க்னோமில் 48 பதிப்பில் வந்துவிட்டது. அதைப் போட்டு வைத்திருப்பவர்கள் மடிக்கணினியை எந்நேரமும் சார்ஜரிலேயே வைத்திருந்தால் பார்க்கப்போவது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். தானே விரும்பிப் போட்ட ஏற்பாட்டுக்குத் தினமும் 'ஏறவில்லை' என்று படிக்க வேண்டுமா?

சரி, இதுவரை வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> 'மின்னேற்றம் நிலுவையில்' என்று வைக்கலாம். மூலச் சொல்லுக்கு நேராக வருகிறது.

குன்னூர் நண்பரே, மூலத்துக்கு நேர்தான். ஆனால் நிலுவை என்றால் நமக்குக் கட்டாத பாக்கி. மின்சாரத்தோடு சேர்த்து எழுதினால் கரண்ட் பில் பாக்கி என்றே முதலில் படும். மின்வாரிய ரசீதில் வரும் சொல்லைப் பேட்டரிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை.

> 'ஏற்றம் நின்றுள்ளது' போதுமே, எளிமையாக இருக்கிறது.

எளிமை உண்மைதான். ஆனால் பேட்டரி விஷயத்தில் 'நிற்பது' வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. 'இந்த போன்ல சார்ஜ் நல்லா நிக்குது' என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று பொருள். 'சார்ஜ் நிக்கல' என்றால் பேட்டரி போய்விட்டது. 'நின்றுள்ளது' என்று திரையில் பார்ப்பவர் எந்தப் பக்கம் எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. மக்கள் வாயில் ஏற்கெனவே பொருள் பதிந்துவிட்ட வினையைக் கலைச்சொல்லுக்காக இழுத்து வளைக்க வேண்டாம்.

'இடைநிறுத்தம்' என்று கூடலூர் தம்பி சொன்னது பொருளுக்கு மிக அருகில் வருகிறது. சிக்கல் என்னவென்றால், கணினியைத் தூங்கவைக்கும் கட்டளைக்கு 'இடைநிறுத்து' என்று நாம் ஏற்கெனவே புழங்குகிறோம். இரண்டும் ஒரே மெனுப் பட்டியில், விரலளவு தூரத்தில் இருக்கும். 'காத்திருப்பு' சொல்லுக்கும் அதே கதை.

என் பரிந்துரை 'நிறுத்திவைப்பு'. திரையில் வரும் முழுச் சரம் (சொற்றொடர்): 'ஏற்றம் நிறுத்திவைப்பு'.

நிறுத்தம் என்றால் முடிந்தது. நிறுத்திவைத்தல் என்றால் ஒரு காரணத்தால் இப்போதைக்கு இல்லை, காரணம் தீர்ந்ததும் தொடரும். தேர்வு முடிவை நிறுத்திவைத்திருக்கிறார்கள், சம்பள உயர்வை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று செய்தித்தாளில் படிக்கும் யாருக்கும் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. 'வை' என்ற அந்தத் துணைவினை, இது தானாக நிகழ்ந்த கோளாறில்லை, ஏதோ ஒன்று முடிவெடுத்துச் செய்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது. சார்ஜரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடத் தோன்றாது. ஏன் நிறுத்திவைத்தது என்று கேட்கத் தோன்றும். சரியான கேள்வியும் அதுதான்.

கோத்தகிரி ஆசிரியர் ஐயா எழுப்பிய மறுப்புக்குப் பதில் சொல்லாமல் இதை முடிவு செய்ய முடியாது.

> டைப்-சி துளையில் போன் சார்ஜரைச் செருகினாலும் ஏறுவதில்லை. அங்கே யாரும் நிறுத்திவைக்கவில்லையே, சார்ஜருக்குச் சக்தி போதவில்லை. நிறுத்திவைப்பு என்றால் அந்த இடத்தில் பொய்யாகிவிடாதா?

ஐயா, நல்ல கேள்வி. இதில் இரண்டு நிலைமைகளைப் பிரிக்க வேண்டும். 65 வாட் கேட்கும் இயந்திரத்தில் 18 வாட் சார்ஜரைச் செருகினால், பல மடிக்கணினிகள் வருவதை வேலைக்கு எடுத்துக்கொண்டு, பற்றாததைப் பேட்டரியிலிருந்து இழுக்கும். அப்போது சார்ஜரின் கோப்பு 1 என்று சொல்லும், பேட்டரியோ 'இறங்குகிறது' என்று சொல்லும். யூபவரின் பட்டியலில் அது எண் 2; நாம் பேசும் நிலையே இல்லை. அதற்குத் தனியாக 'சார்ஜர் போதவில்லை' என்ற அறிவிப்பு வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். இன்னும் சில இயந்திரங்கள் சார்ஜரின் வாட் அளவு தெரியாவிட்டால் ஓடுவதற்கு மட்டும் மின்சாரம் எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு ஏற்றாமல் விடும். அங்கே முடிவெடுப்பது இயந்திரத்தின் கட்டுப்பாட்டுச் சில்லு. ஆகவே நிறுத்திவைப்பு அங்கே பொருந்தும். குளிரா, வரம்பா, அடையாளம் தெரியாத சார்ஜரா என்பதை நிலைக் கோப்பு சொல்வதில்லை. காரணத்தைச் சொல்லாத நிலைக்குக் காரணத்தைச் சொல்லாத பெயர்தான் சரி.

இழையில் கலந்துவிட்ட வேறு சில புகார்கள் இந்தச் சொல்லால் தீராது. சார்ஜரைப் பிடுங்கிய பிறகும் படத்தில் மின்னல் குறி போகவில்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். தூங்கவைத்து எழுப்பிய பிறகு இது அதிகம் வரும். சார்ஜர் போய்விட்டது என்று சில்லு கர்னலுக்குத் தட்டிச் சொல்ல வேண்டும். அந்தத் தட்டல் தூக்கத்தில் தவறிப்போனால் மேலே உள்ளவர்கள் பழைய செய்தியையே காட்டிக்கொண்டிருப்பார்கள். முனையத்தில் (கட்டளை எழுதும் சாளரத்தில்) கர்னலின் கோப்பைத் திறந்து பாருங்கள். கோப்பு சரியாகச் சொல்லி, படம் மட்டும் தப்பாகக் காட்டினால் யூபவர் சேவையை மறுபடி தொடங்கினால் போதும். கோப்பே தப்பாக இருந்தால், இயந்திரத்தோடு வரும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு மேம்படுத்தல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நிலைக்கு 'பழைய தகவல்' என்று வெளிப்படையாக எழுதிவிடலாம், புதுச் சொல் தேவையில்லை.

40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று அணைந்துவிடுகிறது என்பது வேறு. பேட்டரிக்குள் இருக்கும் கணிப்பான் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் சொல்கிறது; நாளாக ஆக அந்தக் கணக்கு விலகும். குளிரில் பேட்டரியின் உள் மின்தடையும் கூடுவதால், கொஞ்சம் கனமான வேலை கொடுத்ததும் வோல்ட் சட்டென்று இறங்கி இயந்திரம் அணையும். உதகையில் அணைந்த அதே பேட்டரி மேட்டுப்பாளையம் இறங்கியதும் நன்றாக ஓடுவது இதனால்தான். ஒருமுறை முழுக்க ஏற்றி, கணினி தானே அணையும்வரை இறக்கி, மறுபடி இடைவிடாமல் முழுக்க ஏற்றினால் கணிப்பான் தன் கணக்கைத் திருத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. கேலிப்ரேஷன் என்ற அந்த வேலைக்கு 'அளவுத்திருத்தம்' நன்றாகவே பொருந்துகிறது, அதை விவாதிக்க ஒன்றுமில்லை.

ஒரு சின்ன விஷயம். 'மின்னேற்றம்' என்பதில் 'மின்' வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். இலங்கைப் பாடநூல்களில் மின்னேற்றம் என்பது இயற்பியலில் வரும் மின்சுமையையே குறிக்கும். தமிழ்நாட்டில் அதற்கு மின்னூட்டம். நம் மொழிபெயர்ப்புக் கோப்பு இரண்டு இடத்துக்கும் போவது. பேட்டரிப் படத்துக்குப் பக்கத்தில் வரும் சொல்லுக்கு 'மின்' இல்லாமலே பொருள் தெரியும், திரையோரப் பலகத்தில் இடமும் மிச்சம். அதனால் குறுஞ்சரங்களில் 'ஏறுகிறது', 'இறங்குகிறது', 'நிரம்பியது', 'ஏற்றம் நிறுத்திவைப்பு' என்று வைத்துக்கொள்வோம். சுட்டியை மேலே கொண்டுபோனால் விரியும் நீண்ட சரத்தில் 'சார்ஜர் இணைந்துள்ளது. பேட்டரிக்கு ஏற்றம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று இருக்கட்டும். முதல் கேள்விக்கான பதில் முதலில் வர வேண்டும். தலைகுந்தா அக்கா அன்று தேடியது அந்த முதல் வாக்கியத்தைத்தான். சார்ஜர், பேட்டரி இரண்டையும் அப்படியே விடுவதில் எனக்குத் தயக்கமில்லை. மின்கலம் என்று எழுதினால் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒற்றைக் கலம். மடிக்கணினிக்குள் இருப்பது பல கலங்கள் சேர்ந்த அடுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வரை மறுப்புகளுக்காகக் காத்திருக்கிறேன். வேறு சொல் யாரிடமாவது இருந்தால், பலகத்தில் அடங்குமா என்று எழுதிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள், விடியற்காலையில் சார்ஜர் செருகியும் ஏறாமல் இருந்தால், பேட்டரியின் நிலைக் கோப்பில் என்ன வருகிறது, சார்ஜரின் கோப்பில் என்ன வருகிறது என்று இரண்டையும் எழுதுங்கள். சில பழைய இயந்திரங்கள் இந்த நிலையை 'தெரியவில்லை' என்றே கர்னலுக்குச் சொல்லிவிடுகின்றன. அவற்றுக்கு எந்தச் சரம் காட்டுவது என்று தனி இழையில் பேச வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உதகையிலிருந்து