பிஎச்டி சர்வேக்கு லயத்துப் பக்கம் போனப்போ ஒரு பாட்டி கேட்ட கேள்வி (உங்க அனுபவத்தையும் சொல்லுங்க)

சிப்புட் பொண்ணு:

நான் பொறந்து வளந்தது எல்லாம் மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட், இப்போ பிஎச்டி மூணாவது வருஷம். போக்குவரத்துல கார்பன எப்படி கொறைக்கிறது, அதுக்கு பாலிசி எப்படி இருக்கணும், அதான் டாப்பிக். அம்மா யார் கேட்டாலும் "ரோட்டுப் புகையப் பத்தி படிக்கிறா"ன்னு சொல்லிருவாங்க.

மொதல்ல எழுதுன ப்ரொப்போசல் முழுக்க கோலாலம்பூர்தான். எம்ஆர்டி, எல்ஆர்டி மாதிரி டவுன் ரயிலு, யாரு காடிய (காரத்தான்) வீட்ல விட்டுட்டு ரயில் ஏறுறாங்க அந்த மாதிரி. 2021ல அரசாங்கம் விட்ட லோ கார்பன் மொபிலிட்டி புளூபிரிண்ட்ட நாலஞ்சு தடவ படிச்சிருப்பேன், 2030 வரைக்கும் உள்ள திட்டம், வண்டி எண்ணெய் குடிக்கிறத கொறைக்கிறது, எலெக்ட்ரிக் வண்டி, மாற்று எரிபொருள், சொந்த வண்டிய விட்டு பஸ்ஸு ரயிலுக்கு ஆள மாத்துறது. கடைசி தடவ படிக்கும்போதுதான் மனசுல பட்டுச்சு, எங்க ஊரு ஆளு மாறி ஏறணும்னா எதுல ஏறுவான்? ரயில் ஸ்டேஷன் டவுன்ல இருக்கு சரி, எஸ்டேட்டு தோட்டத்துலேர்ந்து ஸ்டேஷனுக்கு வர்றதுக்கே மோட்டர்சைக்கிள் வேணுமே. அதனால தோட்டத்துப் பக்கமும் சர்வே எடுக்கறேன்னு சொன்னேன். ப்ரொப்போசல் டிஃபென்ஸ்ல கேள்வி கேக்குற பேனல்ல ஒருத்தர், அங்க ஆளும் கம்மி எமிஷனும் கம்மி, சேத்து என்ன ஆகப் போகுதுன்னு கேட்டாரு. எனக்கு பதில் வரல. சூப்பர்வைசர்தான், போய் பத்து வீட்ல பேசிட்டு வா, அப்புறம் முடிவு பண்ணலாம்னாங்க.

போனேன். பழைய லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்ல, இன்னும் கொஞ்சம் குடும்பம் இருக்கு. ஒரு பாட்டி வாசல்ல ஒக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தாங்க. ஃபார்ம்ல மொத கேள்வி, போன வாரம் எங்கெங்க போனீங்க, எதுல போனீங்க. "எங்கயும் போகலமா"ன்னாங்க. நான் சைபர் போட்டேன். சைபர் கிலோமீட்டர், சைபர் கார்பன். அடுத்த வீட்டுக்குக் கெளம்ப எந்திரிச்சேன், "ஏன் போகலன்னு கேக்க மாட்டியா?"ன்னாங்க.

திரும்ப ஒக்காந்தேன். கண்ணுக்கு ஈப்போவுல அப்பாயின்மெண்ட், முப்பது கிலோமீட்டர் இருக்கும், ரெண்டு தடவ தவறிப் போச்சு. பேரன் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்குறான், அவன எழுப்ப மனசு வரல. முன்ன மொடக்குல (ரோட்டு முனையில) ஒரு பஸ்ஸு நிக்குமாம், அது நின்னு பல வருஷம் ஆச்சு. கிராப் டாக்சி கூப்ட்டா தோட்டத்து ரோட்டுக்குள்ள வர மாட்டேங்குறான், வந்தாலும் போக வர காசு யாரு குடுப்பா. நான் சைபர்னு எழுதுனது அந்தக் கண்ணு. என் கணக்குல அவங்க வீடுதான் கார்பன் ரொம்ப கம்மியான வீடு, அந்த மாதிரி வீட்ட வச்சித்தான் நாம "எமிஷன் கம்மி"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன், மறைக்கல.

அவங்க சொன்ன இன்னொண்ணும் இருக்கு. "எங்க காலத்துல பஸ்ஸே தேவப்படாதுமா, ரப்பர் மரத்துல பால் வெட்ற எடம், பள்ளிக்கூடம், மருந்து குடுக்குற டிரஸ்ஸர், கடை, கோயில் எல்லாம் நடந்து போற தூரம்." எங்க படிப்புல இதுக்கு ஒரு சூத்திரமே இருக்கு, மொதல்ல பயணத்துக்கான தேவையக் கொறை, அப்புறம் நல்ல வண்டிக்கு மாத்து, கடைசியா வண்டிய மேம்படுத்து, 1990கள்ல ஜெர்மனியில உருவான யோசனைன்னு படிச்சிருக்கேன். பாட்டி ரெண்டு வரியில மொதல் பாகத்த சொல்லிட்டாங்க. ரப்பர் போயி செம்பனை (பாம் ஆயில் மரம்) வந்துச்சு, நம்ம ஆளுங்க தாமானுக்கு, அதான் டவுன் குடியிருப்புக்கு, போனாங்க, வேலை பேக்டரியில, தூரம் தானா நீண்டு போச்சு.

பேரனும் எந்திரிச்சு வந்தாரு. அவரு போறது கம்பெனி பஸ்ஸுல. என் ஃபார்ம்ல காடி, மோட்டர், பொதுப் போக்குவரத்துன்னு மூணு கட்டம், கம்பெனி பஸ்ஸுக்கு கட்டமே இல்ல. அங்கயே போன்ல தட்டிப் பாத்தோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமாரா 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு, டீசல்னா 2.7 கிலோ கிட்ட. கப்சாய் (சின்ன மோட்டர்சைக்கிள்) 100 கிலோமீட்டருக்கு ரெண்டு லிட்டர் குடிக்குதுன்னு வச்சா கிலோமீட்டருக்கு 46 கிராம். பஸ்ஸு அதே தூரத்துக்கு 35 லிட்டர் டீசல் குடிச்சாலும் 40 பேரு ஏறுனா தலைக்கு 24 கிராம்தான். தனியா காடி ஓட்டுறவர் 160 கிராம் கிட்ட விடுறாரு. நாட்டுல பதிவான வண்டியில கிட்டத்தட்ட பாதி மோட்டர், ஆனா பேச்சு பூரா எலெக்ட்ரிக் காடியப் பத்தி.

வேற யாராச்சும் இந்த லைன்ல படிக்கிறீங்களா? ஃபீல்டுல யாரப் பாத்தீங்க?

லிந்தாங் தம்பி:

அக்கா நானும் சிப்புட்தான், லிந்தாங் பக்கம். ஐரோப்பாவுல பயோடீசல் (செடி எண்ணெயிலேர்ந்து செய்ற டீசல்) பாலிசியில பிஎச்டி பண்றேன், இப்போ லீவுல வீட்ல இருக்கேன். அப்பா செம்பனைப் பழம் வெட்றவரு, முப்பது வருஷமா அரிவாளும் கையுமா இருக்காரு. போன வருஷம் ஒரு மாநாட்டுல என் போஸ்டர் முன்னால ஒரு அம்மா வந்து நின்னு, பாம் ஆயில்னாலே காடு அழிவுதானேன்னு நேரா கேட்டாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா தப்பான கேள்வின்னு சொல்ல முடியல. எண்ணெய்க்காக பயிர் நட்டா வேற எங்கயாவது காடோ சதுப்பு நிலமோ போகுது, அந்த கார்பனயும் கணக்குல சேக்கணும், அது நியாயந்தான். ஐரோப்பிய யூனியன் 2019ல பாம் ஆயில அந்த வகையில வச்சி 2030க்குள்ள போக்குவரத்துக்கான புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கணக்குலேர்ந்து எடுக்கறோம்னு சொன்னாங்க, மலேசியா டபிள்யூடிஓவுக்கு (உலக வர்த்தக அமைப்பு) கேஸ் கொண்டு போச்சு, 2024ல வந்த தீர்ப்புல ரெண்டு தரப்புக்கும் கொஞ்சம் கொஞ்சம் கெடச்சிச்சு. அந்த அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன், எங்க தோட்டம் வெள்ளக்காரன் காலத்துலயே ரப்பர் போட்ட நெலம், எல்லா மரத்தையும் ஒரே கணக்குல போடாதீங்க. அவங்க நோட்புக் எடுத்து எழுதிக்கிட்டாங்க, அரை மணி நேரம் பேசுனோம்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன், நம்ம நாட்டுல 2019லேர்ந்து வண்டிக்கு ஊத்துற டீசல்ல பத்து சதம் பாம் ஆயில்லேர்ந்து செஞ்ச பயோடீசல் கலக்குறாங்கன்னு. அவருக்கு தெரியாது. "அப்போ நான் வெட்ற பழம்தான் அந்த பழ லோரியையே ஓட்டுதா?"ன்னு கேட்டாரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சி, "வெல ஏறுனா எங்களுக்கு எவ்ளோ வரும்?" இந்த ரெண்டாவது கேள்விக்கு நான் படிச்ச பேப்பர்ல எதுலயும் பதில் இல்லக்கா. இப்ப அதத்தான் ஒரு அத்தியாயமா எழுதிக்கிட்டு இருக்கேன்.

பார்ட்டைம் டீச்சர்:

வேலை பாத்துக்கிட்டே பார்ட்டைமா பிஎச்டி பண்றேன், எலெக்ட்ரிக் மோட்டர்சைக்கிள் பத்தி. 2024 பட்ஜெட்ல வருஷத்துக்கு 120,000 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) சம்பளம் உள்ளவங்களுக்கு எலெக்ட்ரிக் மோட்டர் வாங்க 2,400 வெள்ளி வரைக்கும் வெலைக் கழிவு அறிவிச்சாங்கல்ல, அத நம்பி டவுன்ல ஒரு மோட்டர் கடைக்கு பேட்டி எடுக்கப் போனேன். ரிப்பேர் பாக்குற ஃபோர்மேன் அண்ணன் கையத் தொடச்சிக்கிட்டே கேக்குறாரு, "டீச்சர், பேட்டரி போச்சுன்னா யாரு செய்வா? கப்சாய்க்கு எந்த மொடக்குலயும் சாமான் கெடைக்கும். மழைல செம்மண்ணுல தள்ளிக்கிட்டு வரவனுக்கு கழிவு முக்கியமில்ல, அன்னிக்கே ரிப்பேர் ஆகணும், மறுநாள் வேல இருக்கு." அன்னியோட என் கேள்வித்தாள்ல வெலையப் பத்தி இருந்தத பாதியாக் கொறைச்சிட்டு ரிப்பேர் பத்தி சேத்தேன். புதுசா வர்ற புள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஜிஆர்ஏ காசு (ஆராய்ச்சி உதவியாளர் அலவன்ஸ்) எனக்கு நாலு மாசம் லேட்டா வந்துச்சு, அத மட்டும் நம்பி ஃபீல்டுக்கு எறங்காதீங்க, எண்ணெய் காசு சாப்பாட்டுக் காசு தனியா எடுத்து வச்சிக்கோங்க.

சிப்புட் பொண்ணு:

டீச்சர், ஃபோர்மேன் சொன்னது எனக்கு ரொம்ப உதவும், நன்றி. நான் ஃபார்ம மாத்திட்டேன், கம்பெனி பஸ்ஸுக்கு தனி கட்டம், அப்புறம் "போகணும்னு நெனச்சி போக முடியாத எடம் எது, ஏன்" அப்படின்னு ஒரு கேள்வி, அத மொத பக்கத்துலயே வச்சிருக்கேன். பேனல்கிட்ட இப்ப என்ன சொல்லணும்னு தெரியும், இவங்களுக்கு பஸ்ஸு விட்டா எமிஷன் கொஞ்சம் கூடும், கூடட்டும், அந்தக் கூடுற அளவ காடி நெறைய வச்சிருக்கறவங்க கணக்குலேர்ந்து எடுக்கணும்.

பாட்டிக்கு அடுத்த அப்பாயின்மெண்ட் புதன்கிழமை, நானே காடில கூட்டிட்டுப் போறேன். தம்பி, சனிக்கிழமை லிந்தாங் பக்கம் வர்றேன், உங்க அப்பா பழம் வெட்டிட்டு எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவாரு?