60 நாள் நோட்டீஸ் வந்தாச்சு: கன்சல்டண்ட்டா, வக்கீலா, நேரா பேங்கா?

தறிச்சத்தம் (சோமனூர்):
வணக்கமுங்க. கூலிக்கு நெய்யறனுங்க, 24 தறி. ஷெட்டையும் அதை ஒட்டுன 2 ஏக்கர் தென்னந்தோட்டத்தையும் வெச்சு பேங்குல வாங்குன கடன் வட்டியோட 38 லட்சம் நிக்குது. போன வாரம் சர்ஃபாசி (கோர்ட்டுக்குப் போகாமயே பேங்க் அடமானச் சொத்தை எடுக்கற சட்டம்) 13(2) நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபால்ல வந்துருச்சு. 60 நாளைக்குள்ள முழுசும் கட்டோணுமாம். என்ற மச்சான் கோயமுத்தூர்ல ஒரு கடன் தீர்வு ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனாப்ல. 15 லட்சத்துல முடிச்சுத் தர்றோம்ங்கறாங்க. ஒன்றரை லட்சம் முன்பணம், கையெழுத்துப் போட்ட வெத்து செக் 4, ஒரு பவர் பத்திரம் கேக்கறாங்க. அதுவரைக்கும் பேங்குக்கு ஒரு பைசா கட்டாதீங்க, போனும் எடுக்காதீங்கன்னு வேற. நம்பலாமுங்களா?

நொய்யல்கரை:
வெத்து செக்குன்னு சொன்னதுமே எந்திரிச்சு வந்திருக்கோணும். பேங்க்கிட்டப் பேசறதுக்கு ஒரு அதிகாரக் கடிதம் போதுமுங்க, பவர் எதுக்கு? அந்தப் பத்திர நகல் கைல இருந்தா "கிரயம் செய்ய" அப்படீன்னு ஒரு வரி இருக்குதான்னு பாருங்க. பெருந்துறைல 2012ல ஈமு கோழில போட்டவங்களும் ஆபீஸ் நல்லா இருக்குதுன்னுதான் போட்டாங்க.

காங்கேயங்காளை:
ஈமுவையும் இதையும் ஒட்டுக்கா சேத்தாதீங்க. திருப்பூர்ல என்ற டையிங் யூனிட் கடனை முடிச்சுக் கொடுத்தது ஒரு கன்சல்டண்ட்தான். கிளைல போய் நின்னா மேனேஜர் மாறிட்டாருன்னு சொல்லுவாங்க, புது மேனேஜர் ஃபைல் வட்டார ஆபீஸ்ல இருக்குதும்பாரு. அந்தாளு எங்க போய் எந்த மேசைல கேக்கோணும்னு தெரிஞ்சு கேட்டாரு. கமிஷன் கொடுத்தேன், வேலை முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட வாய்தாவுக்கு வாய்தா கொடுத்த காசுக்குக் கணக்கே இல்லீங்க.

பழையலெட்ஜர்:
நான் பேங்குல மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன், இப்ப ஓய்வு. காங்கேயத்தாருக்கு வேலை முடிஞ்சதுல ஆச்சரியமில்லை. ஒரே தடவைல செட்டில்மெண்ட் கொடுக்கறதுக்குப் பேங்குக்கு ஒரு கணக்கு இருக்கு: அடமானச் சொத்து எவ்வளவு போகும், கணக்கு வாராக்கடனாகி எத்தனை நாளாச்சு. சொத்து தேறாதுன்னா இறங்கி வருவாங்க. சோமனூர்ப் பக்கம் 2 ஏக்கர் தோட்டமும் ஷெட்டும் 38 லட்சத்துக்கு மேலயே போகும்னா எந்த பேங்க் தம்பி 15க்கு விடும்? சொத்து விவரம் கேக்காமலே தொகை சொன்னாங்கன்னா அது உங்களைப் பிடிக்கறதுக்குச் சொன்ன தொகை. செட்டில்மெண்ட் கடன் வாங்குனவனோட உரிமை இல்லைன்னு உச்ச நீதிமன்றமே 2021ல சொல்லிருச்சு. கிடைச்சாலும் சிபில்ல "செட்டில்டு"ன்னு விழும்.

கட்டாதீங்கன்னு சொன்னதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். தவணைக் கடன்ல பழைய நிலுவை முழுசையும் கட்டிட்டா கணக்கு ஒழுங்குக்குத் திரும்பும். அந்தக் கதவைச் சாத்தறவரு யாருக்காக வேலை பாக்கறாரு?

காங்கேயங்காளை:
ஐயா, ரூல் எல்லாம் உங்களுக்குத் தெரியும். தறி ஓட்டறவனுக்கு யார் சொன்னா? சிறுதொழில் கடன் தடுமாறும்போதே சீரமைக்கறதுக்குக் கமிட்டி வெக்கோணும்னு ரிசர்வ் வங்கி 2016லயே சொல்லியிருக்குது, 25 கோடி வரைக்கும். உங்க கிளைல எத்தனை பேருக்கு அதைக் கூப்பிட்டுச் சொன்னீங்க?

பழையலெட்ஜர்:
நியாயமான கேள்வி. சொன்னது கம்மிதான். 2024 ஆகஸ்டுல புரோ நிட்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் அந்த விதி பேங்கைக் கட்டுப்படுத்தும்னு தீர்ப்புக் கொடுத்துது. ஆனா வாராக்கடன் ஆகறதுக்கு முந்தியே, தொழில் செய்யறவரும் சிறுதொழில் பதிவுச் சான்றோட வந்து கேட்டிருக்கோணும்னும் சொல்லிருச்சு. தவணை தவறி 90 நாள் தாண்டினப்புறம் அதை வெச்சு மட்டும் தடுக்கறது கஷ்டம்.

கொடிவேரி:
இவ்வளவு பேச்சு எதுக்குங்க? மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டு நிம்மதியா இருங்க. எங்கூர்ல ஒருத்தரு ஐ.பி. (திவால் மனு) போட்டு, சொத்தைச் சம்சாரம் பேருக்கு மாத்திட்டு ஜம்முனு இருக்காரு.

நொய்யல்கரை:
இந்த யோசனையால கெட்டவங்கதான் எச்சா. கோயமுத்தூரு, ஈரோடுன்னு நம்ம பக்கம் தனி ஆள் திவால் இன்னும் 1920ஆம் வருசச் சட்டத்துலதான் நடக்குது, சார்பு நீதிமன்றத்துல. 2016ல வந்த புதுச் சட்டத்துல தனி ஆளுக்கான பகுதி கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டுந்தான் அமலாயிருக்குது. பழைய சட்டப்படி அடமானம் வாங்குன பேங்கை ஐ.பி. ஒன்னும் பண்ணாது, அது பாட்டுக்குச் சொத்தை எடுக்கும். கைமாத்துக்காரனுக்கும் நூல் கடைக்காரனுக்கும்தான் ஐ.பி. பதில் சொல்லும். காசு வாங்காம சம்சாரம் பேருக்கு மாத்துனது 2 வருசத்துக்குள்ளன்னா கோர்ட்டு அதையும் ரத்து பண்ணலாம்.

தறிச்சத்தம்:
கைமாத்தும் 6 லட்சம் இருக்குதுங்க, வார வட்டி. ஆனா அடமானம் வெச்ச இடம்தான் முக்கியம். ஷெட்டும் தோட்டமும் ஒரே சர்வே நம்பரு, தனியாப் பிரிக்கல. நோட்டீஸ்ல கடைசிப் பக்கத்துல ரெண்டையும் சேத்துத்தான் போட்டிருக்காங்க, கிணறு, மோட்டாரு எல்லாம்.

நொய்யல்கரை:
இதைத்தான் முதல்ல கேட்டிருக்கோணும். சர்ஃபாசில 31(ஐ) பிரிவுப்படி விவசாய நிலத்துல கை வைக்க முடியாது. சும்மா "புஞ்சை"ன்னு பட்டால இருந்தாப் பத்தாது, நெசமாவே வெள்ளாமை நடக்கோணும், நிரூபிக்கறது உங்க வேலை. அடங்கல்ல (வி.ஏ.ஓ. எழுதற பயிர்க் கணக்கு) தென்னைன்னு வருசா வருசம் ஏறியிருக்குதா? மோட்டாருக்கு விவசாய மின் இணைப்பா, இல்ல ஷெட்டு லைன்ல இருந்து இழுத்திருக்கீங்களா? அந்த ஆபீஸ்ல உங்ககிட்ட அடங்கல் கேட்டாங்களா?

தறிச்சத்தம்:
கேக்கலீங்க. ஆதாரும் செக் புக்கும்தான் கேட்டாங்க. அடங்கல்ல தென்னை ஏறியிருக்குது. மோட்டாருக்கு இலவச மின்சாரம்தான்.

பழையலெட்ஜர்:
அப்ப 13(3ஏ) பிரிவுல ஆட்சேபணை எழுதுங்க. பேங்க் 15 நாளைக்குள்ள காரணத்தோட பதில் சொல்லியாகோணும். ஷெட்டு விவசாயத்துல வராது, தோட்டத்துக்கு மட்டும் கேளுங்க. விலக்குக் கிடைச்சாலும் கடன் எங்கயும் போகாது, பேங்க் வேற வழில வழக்குப் போடும். ஆனா பேசறதுக்கு உங்க கைல ஒன்னு இருக்கும்.

நொய்யல்கரை:
13(2)க்கு எதிரா இப்பவே வழக்குப் போடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பேங்க் 13(4)ல சுவாதீன நோட்டீஸ் (சொத்தைக் கைவசம் எடுத்துட்டோம்ங்கற நோட்டீஸ்) ஒட்டினப்புறம்தான் 45 நாளைக்குள்ள கடன் வசூல் தீர்ப்பாயம் போகலாம். அது கோயமுத்தூர்லயே இருக்குது. 38 லட்சத்துக்கு மனுக் கட்டணம் ஏறத்தாழ 12,000 வரும், வக்கீல் ஃபீஸ் தனி. முன்சீப் கோர்ட்டுல தடை வாங்கித் தர்றேன்னு காசு கேக்கறவரு 34ஆம் பிரிவைப் படிக்காதவரு, சிவில் கோர்ட்டுக்கு இதுல அதிகாரமே கிடையாது. ஏலத்தன்னிக்குப் பணத்தோட போய் நிக்கலாம்ங்கறதும் இப்ப நடக்காது. 2016 திருத்தத்துக்கப்புறம் ஏல அறிவிப்பு வெளியாகறதுக்கு முன்னாடியே முழுசும் கட்டியாகோணும்.

வீட்டுக்காரம்மாவும் கடன்ல கையெழுத்துப் போட்டிருந்தா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல அவங்க பேர்ல மனுக் கொடுங்க. பெண்களுக்கு வருமான வரம்பு பாக்காம இலவச வக்கீல் கிடைக்கும். 15100க்குக் கூப்பிட்டாச் சொல்லுவாங்க. வார வட்டிக்காரரு மிரட்டுனா 2003ல வந்த கந்துவட்டிச் சட்டம் இருக்குது, போலீஸ்ல புகார் கொடுக்கலாம்.

காங்கேயங்காளை:
இலவச வக்கீல் சர்ஃபாசி கேஸ் நடத்துவாருங்களா? குடும்பக் கோர்ட்டு, செக் கேஸ் பாக்கறவரை அனுப்புவாங்க.

நொய்யல்கரை:
சில சமயம் அப்படித்தான் அமையுது. தீர்ப்பாயத்துல வழக்கமா ஆஜராகறவரு வேணும்னு மனுவுலயே எழுதலாம். காசு கொடுத்து வைக்கறதா இருந்தாலும் ஒரு நாள் தீர்ப்பாயத்துல போய் உக்காந்து பாருங்க, கடன் வாங்குனவங்க பக்கம் யார் எந்திரிச்சுப் பேசறாங்கன்னு தெரியும். அதே பேங்குக்கு வக்கீலா இருக்கறவரான்னும் கேட்டுக்கங்க.

தறிச்சத்தம்:
திங்கக்கிழமை ஆட்சேபணை போடறனுங்க. மச்சான் கோவிச்சுக்கிட்டாப்ல, அந்த ஆபீஸ்காரரு அவரு கூடப் படிச்சவராம். ஐயா, தமிழ்ல எழுதுனா எடுத்துக்குவாங்களா?

பழையலெட்ஜர்:
தமிழ்லயே எழுதுங்க தம்பி. அடங்கல், சிட்டா, மின் இணைப்பு அட்டை நகல் சேத்து, நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்ட அதிகாரி பேருக்கு ஒப்புகை அட்டையோட ரிஜிஸ்டர்ல அனுப்புங்க. கிளைலயும் ஒன்னு கொடுத்து நகல்ல சீல் வாங்கிக்கங்க. இந்த மாசம் உங்களால முடிஞ்சதைக் கட்டி ரசீது வெச்சுக்கங்க.

காங்கேயங்காளை:
என்ற கருத்து மாறல. நல்ல கன்சல்டண்ட்டும் இருக்காங்க, வேலை முடிஞ்சப்புறம் காசு வாங்கறவங்க. ஆனா செக் விசயத்துல இவங்க சொல்றது சரி, கொடுக்காதீங்க. வக்கீல் ஆபீஸ்லயும் வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்குவாங்க, அதுக்கும் இதே பதில்தான் சொல்லோணும்.