கைக்கு எட்டாத ப்ளக் கேபிளைக் கழற்றிய அனுபவம் யாருக்கு உண்டு?

மேட்டுப்பாளையத்தான்:
மாருதி ஆம்னி வேன் வைத்திருப்பவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. முன்சீட்டுக்கு அடியில் எஞ்சின், மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. குன்னூர் ஏறும்போது பர்லியாறு தாண்டியதும் மிஸ்ஸிங், ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஓரமாக நிறுத்தி ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தோம். வந்தவர் சீட்டைத் தூக்கினார், கட்டிங் ப்ளேயரை உள்ளே விட்டார், ஸ்பார்க் ப்ளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் கேபிளைக் கவ்வி ஒரே இழுப்பு. எஞ்சின் அப்போது தொட முடியாத சூட்டில் இருந்தது. கேபிள் அவர் கையோடு வந்துவிட்டது, ரப்பர் கேப் மட்டும் ப்ளக்கின் மேலேயே நின்றது. கேபிள் நுனியில் கறுப்பாக ஒரு நூல் பிரிந்து தொங்கியது. இன்றைக்கும் அந்த நூல்தான் கண் முன்னால் வருகிறது. கரண்ட் போகும் வழியே அதுதானாம், கார்பன் ஏற்றிய நூல். மீதி இரண்டு சிலிண்டரில், வண்டி உதறிக்கொண்டே வர, அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு மலை இறங்கினோம்.

கேபிளைப் பிடிக்கக்கூடாது, கேப்பைத்தான் பிடிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி. அந்த இடுக்கில் விரலே நுழையவில்லை என்றால் எப்படிப் பிடிப்பது? செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஷார்ஜா பட்டறை:
தம்பி, பழைய பென்ஸ் வி8 ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் ஆம்னி எவ்வளவோ மேல் என்பீர்கள். எம்113 எஞ்சினைச் சொல்கிறேன். சிலிண்டருக்கு இரண்டு ப்ளக், ஆக 16 கேபிள். எல்லாம் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஒவ்வொரு கேப்புக்கும் சூடு தாங்க ஒரு உலோக உறை உண்டு. முன்னால் இருப்பவை வந்துவிடும். கடைசியில் இருப்பது கண்ணுக்கே தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ப்ளேயரோடு குனிந்தேன். எங்கள் உஸ்தாத், பெஷாவர்க்காரர், ப்ளேயரை வாங்கித் தூர வைத்துவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் அந்த உறையின் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொள், விரலால் பார் என்றார். தடவினால் உறையில் தட்டையாக ஒரு பக்கம் இருந்தது. 17 ஓபன் ஸ்பானரை அதில் கோத்து, நெம்புவது போல மெதுவாக அழுத்தச் சொன்னார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கேபிளை யாரும் தொடவே இல்லை. அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து வருடக்கணக்காகிறது. இப்போது நான் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதே மாதிரிதான்.

உங்கள் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லாதீர்கள். சூட்டில் ரப்பர் வெந்து ப்ளக்கின் பீங்கானோடு ஒட்டிப்போயிருக்கும். யார் இழுத்திருந்தாலும் கேப் அங்கேயேதான் நின்றிருக்கும்.

திருச்சி அம்பாசிடர்:
இவ்வளவு பயம் எதற்கு? அம்பாசிடரில் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கித்தான் செத்த சிலிண்டர் எது என்று கண்டுபிடிப்போம். பிடுங்கியும் சத்தம் மாறவில்லை என்றால் அதுதான் ஆள். எங்கள் பட்டறையில் ஒரு முறை உதவிக்கு நின்ற பையன் மட்கார்டில் சாய்ந்தபடி கேபிளைத் தொட்டான். தூக்கி அடித்ததில் முழங்கை பானட்டில் பட்டு ரத்தம். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டான். கேபிளும் அறுந்ததில்லை.

கோவை சுரேந்தர்:
அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது இன்றைய வண்டியில் செய்து பார்த்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பழைய அம்பாசிடர் கேபிளுக்குள் செம்புக் கம்பி, அதனால் இழுத்தாலும் தாங்கியது. இப்போது பெரும்பாலும் கார்பன் நூல். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அறுந்திருக்கும். ஸ்பார்க்கின் அழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். அந்தப் பையன் மறுநாள் வந்தது நல்ல நேரம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் எஞ்சினின் ப்ளக் கேபிள் பக்கமே போகக்கூடாது. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ வண்டியில் கேபிளைப் பிடுங்கினாலும் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டேதான் இருக்கும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும். வெளியேற வழியில்லாத கரண்ட், ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் காயிலையும் கெடுக்கும். செத்த சிலிண்டரைத் தேட வேண்டுமானால் இன்ஜெக்டரின் வயர் செருகியான கப்ளரைக் கழற்றிப் பாருங்கள், அதே சோதனைதான்.

மேட்டுப்பாளையத்தாருக்கு: முதலில் எஞ்சின் முழுசாக ஆற வேண்டும், அரை மணி நேரமெல்லாம் போதாது. அலுமினிய ஹெட்டில் சூட்டோடு ப்ளக்கைத் திருகினால் மரையே கையோடு வந்துவிடும். இக்னிஷனை ஆஃப் செய்து சாவியை எடுத்துவிடுங்கள். வளைந்த மூக்கும் வாயில் ரப்பர் உறையும் உள்ள ப்ளக் கேபிள் ப்ளேயர் கடையில் கிடைக்கிறது, உங்கள் இடுக்குக்கு அதுதான் சரி. கேப்பை அதனால் கவ்வி முதலில் இழுக்காதீர்கள். இளநீரைக் குலையிலிருந்து எடுப்பது போல இடமும் வலமுமாகத் திருகுங்கள். ஒட்டிய ரப்பர் விட்டுக்கொடுத்ததும் கைக்குத் தெரியும், அப்புறம் நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். ஒரு கேபிளைக் கழற்றி வேலையை முடித்து மாட்டிய பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் வரிசை மாறிவிடும், சிலிண்டர்கள் எரியும் வரிசை, அம்பாசிடரின் 1-3-4-2, எல்லாருக்கும் மனப்பாடம் இல்லை. கழற்றியதை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். நீளத்தைப் பொறுத்துச் சில ஆயிரம் ஓம் காட்டினால் நல்லது. முள்ளே அசையவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. திரும்ப மாட்டும்போது கேப்பின் உள்விளிம்பில் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவிவிடுங்கள், அடுத்த முறை ஒட்டாது. சாதாரண பேரிங் கிரீஸ் வேண்டவே வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும்.

என் கதை ஒன்றும் பெரிதில்லை. மாமாவின் மாருதி ஜென் காரில் கேபிள் மாற்றினேன், சுலபமாக வந்தது.

திருச்சி அம்பாசிடர்:
கன்வெர்ட்டர் விஷயம் சரி. எங்கள் காலத்து வண்டியில் அது கிடையாது. ஆனால் அந்தச் சோதனையில் தெரிந்த அளவுக்குத் துல்லியமாக வேறு எதிலும் தெரியாது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜிப்சி ஏற்காடு:
என்னுடையது 16 வால்வு ஜிப்சி. ப்ளக்குகள் வால்வு கவரின் நடுவே ஆழமான குழிக்குள். கேப்பைத் திருகி வெளியே எடுத்தால் அதன் அடிப்பாதி எண்ணெயில் ஊறிச் சொட்டுகிறது. கிணற்றில் டார்ச் அடித்துப் பார்ப்பது போல உள்ளே பார்த்தேன், கீழே எஞ்சின் ஆயில் தேங்கி என் முகம் தெரிந்தது. மிஸ்ஸிங் ஏன் என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. குழியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் வயதாகி இறுகிப் போயிருந்தது.

இதைக் கண்டால் ப்ளக்கை உடனே கழற்றாதீர்கள், அத்தனை எண்ணெயும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சில் மெல்லிய டியூப் மாட்டி உறிஞ்சி எடுத்தேன், துணி சுற்றிய குச்சியால் ஒற்றினேன், அப்புறம் காற்று அடித்துவிட்டுத்தான் ப்ளக்கைத் தொட்டேன். எண்ணெயில் ஊறிய கேப்புகள் உப்பியிருந்தன, அவற்றைத் திரும்ப மாட்டவில்லை. வால்வு கவர் கேஸ்கெட்டோடு வளையங்களும் சேர்ந்த செட் கிடைக்கிறது, அதையும் கேபிள் செட்டையும் ஒன்றாகவே மாற்றினேன்.