கூட்டம் ‘பிராட் ஃபார்வர்ட்’ என்றால் முன்னாலா, பின்னாலா?

உட்லண்ட்ஸ்வாசி:
புதன்கிழமை 16ஆம் தேதி கூட்டம். இன்று மேலாளரின் மின்னஞ்சல்: “தி மீட்டிங் ஹேஸ் பீன் பிராட் ஃபார்வர்ட் பை டூ டேஸ்.” திங்களா, வெள்ளியா? அலுவலகத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முன்னதாக மாற்றுவதைச் சொல்ல, பதிலில் ‘பிரிபோன்’ என்று எழுதலாமா?

சொல்லாய்வு:
திங்கள், 14ஆம் தேதி. இதில் ஐயமே வேண்டாம். ‘பிரிங்’ என்பது பேசுபவர் பக்கம் கொண்டுவருவது. நாம் இன்றில் நிற்கிறோம், கூட்டம் நம்மை நெருங்கி வருகிறது. ‘ஃபார்வர்ட்’ என்பதை மட்டும் ‘முன்னோக்கி’ என்று பிரித்துப் படிப்பவர்கள்தான் வெள்ளிக்குப் போய்விடுகிறார்கள். தள்ளிப்போட்டிருந்தால் ‘புஷ்ட் பேக்’, ‘புட் ஆஃப்’ அல்லது ‘போஸ்ட்போன்ட்’ என்று வந்திருக்கும்.

‘பை’, ‘டு’ இரண்டையும் கவனியுங்கள். ‘பை டூ ஹவர்ஸ்’ என்றால் இரண்டு மணி நேரம் முன்னதாக. ‘டு டூ பிஎம்’ என்றால் பிற்பகல் 2 மணிக்கு. மாலை 5 மணிக் கூட்டமாக இருந்தால் முதலாவது 3 மணி, இரண்டாவது 2 மணி.

‘இட்’ வந்தால் நடுவில்தான் நிற்கும்: ‘பிரிங் இட் ஃபார்வர்ட்’. ‘பிரிங் ஃபார்வர்ட் இட்’ பிழை. ‘பிராட்’டில் ‘ஆர்’ எழுத்து விட்டுப்போனால் ‘பாட்’, அதாவது ‘வாங்கினோம்’ என்றாகிவிடும். அதுவும் சரியான சொல்தான் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

‘பிரிபோன்’ இந்திய ஆங்கிலம். சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியும். சிங்கப்பூரில் பல இனத்தவர் படிக்கும் மடலில் ‘பிரிங் ஃபார்வர்ட்’ போடுவதே நல்லது.

பொங்கோல் ஆசிரியர்:
மேலே சொன்னது சரி. ஆனால் ‘மூவ்ட் ஃபார்வர்ட்’ என்று யாராவது எழுதினால் நம்பவேண்டாம், கேட்டுவிடுங்கள். “புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் மூவ்ட் ஃபார்வர்ட், இப்போது எந்த நாள்?” என்று உளவியலாளர் லெரா பொரோடிட்ஸ்கி ஆய்வு செய்தபோது, ஆங்கிலம் தாய்மொழியான மாணவர்களே ஏறத்தாழப் பாதிப்பாதியாகப் பிரிந்தார்கள். ‘பிரிங்’ வந்தால் அந்தக் குழப்பம் மிகவும் குறையும்.

கணக்குப்பிள்ளை:
கணக்கில் இதே தொடருக்கு வேறு பொருள், கலந்துவிடாதீர்கள். ‘பேலன்ஸ் பிராட் ஃபார்வர்ட்’ என்பது போன பக்கத்திலிருந்தோ போன ஆண்டிலிருந்தோ வந்த இருப்பு, சுருக்கம் பி/எஃப். அடுத்ததற்கு எடுத்துச் செல்வது ‘கேரீட் ஃபார்வர்ட்’, சி/எஃப். டிசம்பர் 31இல் சி/எஃப் என்று முடியும் தொகைதான் ஜனவரி 1இல் பி/எஃப் என்று தொடங்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பதிவுப் பிழை. விடுப்புக் கணக்கிலும் அப்படியே: பி/எஃப் 3 என்றால் சென்ற ஆண்டு மிச்சம் 3 நாள்.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றி. எல்லாருக்கும் இப்படி அனுப்பலாமா? “தி மீட்டிங் ஹேஸ் பீன் பிராட் ஃபார்வர்ட் ஃப்ரம் வெட்னஸ்டே 16 டு மண்டே 14.”

சொல்லாய்வு:
தாராளமாக. பழைய தேதி, புதிய தேதி, கிழமை மூன்றும் இருக்கின்றன. நேரம் மாறவில்லை என்றால் ‘சேம் டைம்’ என்று சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதைக் கேட்டு நான்கு மடல் வரும்.