சேவை செய்யப் போய்க் கை கடிக்கிறது, என்ன செய்வது?

கேள்வி:
முதியோரைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். முன்பு வாங்கிய சம்பளத்தில் பாதிகூட இல்லை. அது தெரிந்துதான் வந்தேன். ஆனால் உதிரிச் செலவு கையைக் கடிக்கிறது. போக்குவரத்து, போன் ரீசார்ஜ், அப்புறம் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பவருக்கு என் காசில் வாங்கித் தருவது. அமைப்பிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1:
கூச்சத்தை மூட்டை கட்டுங்கள். 1970-இல் தொடங்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டத்திலேயே வாழ்க்கைப்படி தருகிறார்கள். செலவைத் திரும்ப வாங்குவது கூலி வாங்குவது ஆகாது. இன்னொன்று, நீங்கள் ரசீது கொடுக்காவிட்டால் கணக்கில் அந்தச் செலவே இருக்காது. அடுத்த ஆண்டு நன்கொடையாளரிடம் இதற்குப் பணம் கேட்கவும் முடியாது. உங்களுக்குப் பிறகு வருபவரும் சொந்தக் காசைத்தான் போடுவார்.

பதில் 2:
ரசீது சரி. ஓய்வூதியச் சேமிப்பைப் பார்த்தீர்களா? சம்பளம் பாதியானால் அதில் சேரும் பங்கும் குறையும், வட்டிக்கு வட்டியும் போகும். இது இப்போது வலிக்காது.

கேள்வி கேட்டவர்:
அதை யோசிக்கவே இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, திட்டு நிச்சயம்! மருந்துக்கு ரசீது இருக்கிறது, நாளைக்கே கொடுக்கிறேன். ஷேர் ஆட்டோவுக்கு எங்கே போய் ரசீது வாங்குவது?

பதில் 1:
தேதி, இடம், தொகை எழுதிக் கையெழுத்துப் போட்ட வவுச்சர் போதுமா என்று கணக்காளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஏற்பார்கள்.